வால் ஆட்டும் கார்

தெற்குக் கரட்டுப்பட்டி,
3.8.2003

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே உங்கள் அம்மா, ஆடுகள், நான் எல்லோரும் சுகம். மழைதான் சுகமில்லை, எட்டிப் பார்க்கவே காணோம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, சார்ஜா வெயிலில் மகன் கருத்துப்போனான் என்று அத்தை அழுதார்கள். "இங்கன இருக்கும்போது மட்டும் உங்க மவன் செவப்பாவா இருந்தாவ?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் அடுத்த கடிதத்தில் சமாதானமாக இரண்டு வரி எழுதுங்கள்.

ஒரு விஷயம். படித்துவிட்டுக் கத்தக் கூடாது. வேப்பமரத்தடியில் நிற்கிற அம்பாசிடரை விற்றுத் தொலை என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். நான் விற்கவில்லை. பெட்ரோலாகக் குடித்து நம்மை ஓட்டாண்டி ஆக்கிய என்ஜினைத்தான் இறக்கினேன். இப்போது டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கிறது. வேலையெல்லாம் உங்கள் கூட்டாளி கருத்தப்பாண்டி அண்ணன்தான். அதே வேப்பங்கிளையில் செயின் புல்லி கட்டி இறக்கினார், அதிலேயே ஏற்றினார்.

என்ஜின் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கயத்தாறு பக்கம் அய்யாத்துரை என்று ஒரு சம்சாரி. அவருடைய பழைய வேன் கூடு உளுத்து நின்றது, என்ஜின் மட்டும் நல்லது. அவருக்குப் பணம் வேண்டாமாம், விதைக்கிற காட்டுக்கு உரம் வேண்டுமாம். என் அண்ணன் கடற்கரை ஆட்டு மந்தையை ஓட்டிப்போய் அவர் கரிசல் காடு முழுக்கக் கிடை போட்டுக் கொடுத்தான். "ஆட்டுப் புழுக்கைக்கு என்ஜின் வாங்குனவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்ட்டி" என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஒரே ஒரு குறை. டீசல் என்ஜின் கனமாம். கார் முன்பக்கம் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. கருத்தப்பாண்டி அண்ணனிடம் சொன்னால், "அத நான் தொட மாட்டேன் தங்கச்சி. அது ஒன் மாப்பிள இசக்கியப்பன் செய்ய வேண்டிய வேல. அவனே வந்து தூக்கி நிறுத்தட்டும்" என்கிறார்.

மாசியில் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்து என்ன செய்ய என்று கேட்டீர்களே, இதோ கார் இருக்கிறது. எனக்கு நீங்கள் வர வேண்டும் அத்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உங்கள்
பாண்டிச்செல்வி


சார்ஜா,
22.8.2003

செல்விக்கு,

கத்தக் கூடாது என்று எழுதியிருந்தாய். கத்தினேன். அறையிலிருக்கிற மலையாளத்துக்காரர்கள் ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

யாரைக் கேட்டு என்ஜினை இறக்கினாய்? சரி, இறக்கியாகிவிட்டது. கிளட்ச் புதிதா, வேனில் இருந்ததா? பின் சக்கரத்துக்குப் போகிற ஷாப்டை அளந்து வெட்டினானா, கண் மதிப்பில் வெட்டினானா? கருத்தப்பாண்டி கண் மதிப்புக்காரன், அவனை நம்பாதே. யார் ஓட்டுவது? ஊரில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவன் சோலை ஒருத்தன்தான். அவனையே வை. கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவான், நான் திட்டியதாகச் சொல்.

இங்கே ஒரு வேடிக்கை. எனக்கும் இப்போது அதே வேலைதான் வந்திருக்கிறது. எங்கள் அர்பாப், அதாவது கராஜ் முதலாளி, அவருக்கு ஹமத் என்று ஒரு மகன். அவனிடம் ஒரு பழைய ஜப்பான் கார். அதிலிருக்கிற சின்ன என்ஜினை இறக்கிவிட்டு, பெரிய ஆறு சிலிண்டர் என்ஜினை ஏற்ற வேண்டும். எதற்குத் தெரியுமா? டிரிப்ட் என்று ஒரு விளையாட்டு. காரை நேராக ஓட்டக் கூடாது. வளைவில் பின் சக்கரத்தை வழுக்க விட்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போக வேண்டும். டயர் புகைய வேண்டும், சுவரில் இடிக்கக் கூடாது. யார் அழகாக வழுக்குகிறானோ அவனுக்குக் கோப்பை. நோன்புப் பெருநாள் கழிந்து போட்டி.

கராஜில் இத்தனை பேர் இருக்க, அர்பாப் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். கார் நன்றாக வந்தால் என்னை விடமாட்டார்கள். வராவிட்டால் மாசி வரை வைத்திருக்கவும் மாட்டார்கள். அதனால் மாசியைப் பற்றி இப்போது கேட்காதே. உன் அம்பாசிடரை நம்பி ஊருக்கு வர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அம்மாவிடம் சொல், நான் கருக்கவில்லை, போட்டோ சரியில்லை.

இசக்கியப்பன்


தெற்குக் கரட்டுப்பட்டி,
10.9.2003

அன்புள்ள அத்தானுக்கு,

கத்தி முடித்த தொண்டைக்குச் சுக்குக் காப்பி போட்டுக் குடித்தீர்களா?

கிளட்ச் புதிது. ஷாப்ட் அளந்துதான் வெட்டினார், நான் கூடவே நின்றேன். இரண்டு தடவை அளக்கச் சொன்னதற்கு, "ஒன் மாப்பிள கூட இப்படி உசுர வாங்குனதில்ல" என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டார்.

காசைக் கொட்டிக் காரை வழுக்க விடுகிறார்களா? நல்ல கூத்துதான் போங்கள். ஐப்பசியில் அந்த ஹமதை இங்கே வரச் சொல்லுங்கள். கடம்பூர் ரோட்டை விட்டு ஒரு அடி கரிசலில் இறங்கினால் போதும், எந்த என்ஜினும் வேண்டாம். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "வழுக்காம இருக்கதுக்குத்தான் மெக்கானிக்கு. வழுக்க வைக்கதுக்குமா ஒரு மெக்கானிக்கு?" என்று கேட்கிறார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள், எனக்கும் அதுதானே வேண்டும்.

கார் சும்மா நிற்கவில்லை. புதியம்புத்தூரில் ராதாமணி அக்கா என்று ஒருவர் ரெடிமேடு தையல் யூனிட் வைத்திருக்கிறார். வெட்டிய துணியை அங்கிருந்து ஏற்றி நம் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் கொடுத்து, தைத்த கவுனையும் சட்டையையும் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தீபாவளி வரை ஓயாத ஓட்டம். அது முடிந்தும் ஒழுங்காக ஓடினால் பொங்கலிலிருந்து வருஷம் முழுக்க நமக்கே தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

சோலை அண்ணன் நன்றாக ஓட்டுகிறார். கிளட்ச் விஷயம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். முதுகுவலியாம், டிரைவர் சீட்டில் அத்தையின் தலையணையை எடுத்துப் போட்டிருக்கிறார். அத்தை வீடெல்லாம் தேடுகிறார்கள். நீங்கள் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
பாண்டிச்செல்வி


சார்ஜா,
2.10.2003

செல்விக்கு,

நேற்று மானம் போயிற்று.

என்ஜின் ஏற்றி முடித்து, காலையில் எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். சத்தம் அருமையாக இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹமத் வளைவில் திருப்பினான், மிதித்தான். கார் பஸ் மாதிரி நேராகப் போகிறது! மறுபடி திருப்பினான், மறுபடியும் அப்படித்தான். வால் அசையவே இல்லை. அவனுடைய சிநேகிதர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் இறங்கி வந்து சாவியை என் முன்னால் போட்டுவிட்டுப் போனான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் என்ன குறை வைத்தேன்? பெரிய என்ஜின் என்று பாட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றினேன். பின் அச்சுக்கு மேலே இரும்புத் தகடு வைத்து இறுக்கினேன். பின் சக்கரத்துக்கு அகல டயர் போட்டேன். கோவில்பட்டியில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினாலும் அம்சமான வேலை என்றுதான் சொல்லுவான்.

பெருநாளுக்குள் சரி செய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று அர்பாப் சொல்லிவிட்டார். ஊருக்கு வருவது எனக்குக் கசக்கவில்லை. ஒரு வேலையில் தோற்று, சாவியைத் தரையிலிருந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருவதுதான் கசக்கிறது.

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தீபாவளிக்குப் புதுச் சேலை எடுத்துக்கொள்.

இசக்கியப்பன்


தெற்குக் கரட்டுப்பட்டி,
29.10.2003

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. சேலை பாசிப்பச்சை. கடம்பூர் போளி வாங்கினேன், உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கு வந்ததைச் சொல்லி மழையைத் திட்டினேனா, ஐப்பசி பிறந்ததும் சேர்த்து வைத்துக் கொட்டுகிறது. புதியம்புத்தூருக்கு மூட்டையோடு போகும்போது கார் சாதுவாகப் போகிறது. இறக்கிவிட்டு வெறும் காராகத் திரும்பும்போதுதான் ஆட்டம். முன்னால் கனம், பின்னால் ஒன்றுமில்லை. ஈரக் கரிசலில் இறங்கியதும் பால் குடிக்கிற குட்டி மாதிரி வாலை ஆட்டுகிறது. முதல் நாள் ஓடைக்கரையில் சுற்றி வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. அம்மாடி!

இப்போது பழகிவிட்டது. வால் இடது பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் இடது பக்கமே திருப்ப வேண்டும். பிரேக்கைத் தொடவே கூடாது. பயந்து காலை வெடுக்கென்று எடுத்தாலும் சுற்றிவிடும். கொஞ்சமாக மிதித்தபடியே விட்டால், உள்ளங்கையில் ஸ்டியரிங் லேசாகிற ஒரு நேரம் வரும். அப்போது மெதுவாக நேராக்கினால் கார் சொன்னபடி கேட்கும். சோலை அண்ணன் அப்படித்தான் செய்கிறார். இப்போது டிக்கியில் இரண்டு மூட்டை கரிசல் மண் கட்டிப் போட்டிருக்கிறோம். வால் அடங்கிவிட்டது.

மூட்டையைத் தூக்கிப் போடும்போதுதான் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. அத்தான், நாங்கள் இங்கே மண் மூட்டை போட்டதைத்தானே நீங்கள் அங்கே தகடும் பாட்டரியும் வைத்துச் செய்திருக்கிறீர்கள்? பிறந்ததிலிருந்து கரிசலில் வழுக்காமல் வண்டி ஓட்டிய ஆள் நீங்கள். வழுக்க வைக்கச் சொன்ன காரையும் வழுக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டீர்கள். சிரிப்புத் தாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். தகட்டைக் கழற்றி எறியுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

இதை எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் மாசிக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருப்பீர்கள். எழுதலாமா வேண்டாமா என்று நானும் யோசித்தேன். ஆனால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க இந்த வீட்டில் கார் ஒன்று போதும். நீங்கள் ஜெயியுங்கள். ஜெயித்துவிட்டு வந்தால் சந்தோஷம். ஜெயித்து அங்கேயே இருந்துவிட்டால் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
பாண்டிச்செல்வி


சார்ஜா,
12.12.2003

அன்புள்ள செல்விக்கு,

கோப்பை கிடைக்கவில்லை. மூன்றாவது இடம். ஆனால் ஹமத் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினான்.

நீ எழுதியபடி தகட்டைக் கழற்றினேன், பாட்டரியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன், பின்னால் பழைய டயரைப் போட்டேன். அப்போதும் ஹமத் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி நின்றான். உன் கடிதத்தை எடுத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் அப்படியே சொன்னேன். பிரேக்கைத் தொடாதே, காலை வெடுக்கென்று எடுக்காதே, உள்ளங்கையில் ஸ்டியரிங் லேசாகும்வரை பொறு. பிறகு போனான் பார், மைதானம் முழுக்க ஒரே புகை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். ஊரில் சோலை என்று ஒரு டிரைவர் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அறைக் கதவைத் தட்டுகிறான் ஒருவன். திறந்தால், ஒரு பை ஆப்பிளோடு சோலை நிற்கிறான்!

"ஏலே, நீ எங்கலே இங்கன?"

"ஆவணியிலேயே துபாய் வந்துட்டேன் அண்ணாச்சி. லாரி ஓட்டுதேன். ஒங்க விலாசம் இப்பந்தான் கெடச்சுது."

"அப்ப அங்கன காரை யாருலே ஓட்டுதா?"

"செல்வி மைனிதான். ஆடியிலேயே நான் சொல்லிக் குடுத்து லைசென்சும் எடுத்தாச்சே. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தில் ஆப்பிளைத் தூக்கி எறிந்தேன். ஊரே பார்க்க என் பெண்டாட்டி கார் ஓட்டியிருக்கிறாள், எனக்கு மட்டும் தெரியவில்லை. சோலை அறையில் ஆக்கிய பிரியாணியைத் தின்றுவிட்டு நைசாகப் போய்விட்டான். சாயங்காலம் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோலை ஆறடி. உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டும். அவனுக்கு எதற்குடி தலையணை? அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு ஓடைக்கரையை நினைத்தேன். மழையில் தனியாக ஒரு கார், உள்ளே நீ. சிரிப்புப் போய்விட்டது. அடுத்தவன் கையில் ஸ்டியரிங் லேசாவதை யாராலும் எழுத முடியாது, மெக்கானிக்கான எனக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஹமதிடம் போய், சொல்லிக் கொடுத்தது டிரைவர் சோலை இல்லை, என் வீட்டுக்காரி என்றேன். நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்லிவிட்டேன்.

அர்பாப் கூப்பிட்டு இன்னும் மூன்று வருஷம் இரு, தனி அறை தருகிறேன் என்றார். மரியாதைக்கு ஒரு நாள் யோசித்தேன். மாசியில் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேறு ஆள் இல்லை என்பது ஒரு காரணம். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்பதுதான் பெரிய காரணம்.

திருவனந்தபுரத்தில் இறங்குவேன். கார் எடுத்துக்கொண்டு வா. எனக்காகத் தலையணையை எடுத்துவிடாதே, அப்படியே கிடக்கட்டும். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

உன்
இசக்கியப்பன்


தெற்குக் கரட்டுப்பட்டி,
28.12.2003

அன்புள்ள அத்தானுக்கு,

துபாயும் சார்ஜாவும் இவ்வளவு பக்கம் என்று எனக்கு யார் சொன்னது? சோலை அண்ணன் ஊருக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தலையணை வரி உட்பட அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு முதலிலேயே தெரியுமாம். "தலவாணி கார்ல கெடக்கது தெரியாமலா தேடுனேன்? நீயா சொல்லுதியான்னு பாத்தேன்" என்கிறார்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரிதான்.

பொங்கலிலிருந்து வருஷம் முழுக்க ஓட்ட ராதாமணி அக்காவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். திருவனந்தபுரம் வரை நான் ஓட்டியதில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வருவேன். மாசியில் மழை இருக்காது.

டிக்கியில் கிடந்த மண் மூட்டைகளை இன்று காட்டில் கொட்டிவிட்டேன். திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வரும்போது உங்கள் பெட்டி இருக்கும், நீங்களும் இருப்பீர்கள். அந்தப் பாரம் போதும்.

உங்கள் டிரைவர்
பாண்டிச்செல்வி