அந்தச் சுவரில் ஆணி மட்டும் இருக்கட்டும்

ரொறன்ரோ, கனடா, 1976

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் நினைவு மலருக்கு ஒரு கடிதம் தரும்படி தமிழ்ச் சங்கத்தார் கேட்டார்கள். "ஆரையும் நோகப்பண்ணாமல் எழுது பிள்ளை" என்று செயலாளர் அங்கிள் சொல்லிவிட்டுப் போனார். என்னால் முடியவில்லை. நீங்கள் படிப்பித்த கல்லூரிக்காரர்மேல் எனக்கு வருகிற கோபத்தை நான் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரம் அவர்கள் உங்களுக்கு ஒரு நினைவுத் தேநீர்க் கூட்டம் வைத்தார்கள். எங்கே தெரியுமா? ஆசிரியர் ஓய்வறையில். மற்ற விரிவுரையாளர்கள் தலையாட்டிவிட்டு நுழையும் அந்த வாசலில் உங்களிடம் மட்டும் அடையாள அட்டை கேட்பார்களே, அதே அறையில். பிறகு நீங்கள் அங்கே போவதையே விட்டீர்கள். ஏன் என்று கேட்டால் "அங்க சத்தம் கூட" என்பீர்கள். நாங்கள் நம்பினோம் என்றா நினைத்தீர்கள்?

அம்மா விடிய எழுந்து வடை சுட்டார். "அவையள் பிஸ்கட் வைப்பினம் அம்மா" என்றேன்.

"அப்பான்ர பேரில வாற சனத்துக்கு வெறும் பிஸ்கட்டோ? விசர்க்கதை கதையாதை."

சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டிலிருந்து சப்வே ரயிலில் போனோம். அம்மாவின் மடியில் வடைச் சட்டி, என் மடியில் சட்டம் போட்ட உங்கள் படம். ஓய்வறை வாசலில் காவலாளி சட்டியைப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார். "சமையல் ஆட்கள் பின்பக்கத்தால் வரவேண்டும்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கதவு சாத்தியாயிற்று.

"வா, அப்பாவுக்காகத்தானே வந்தனாங்கள்" என்று அம்மா பனியில் சுற்றி நடந்தார். உங்கள் மனைவி உங்கள் நினைவுக் கூட்டத்துக்குள் வந்தது பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாண்டித்தான் அப்பா. அங்கிருந்த ஒரு பெண் அவரிடம் சமையல் ஏப்ரன் ஒன்றையும் நீட்டினாள்.

உள்ளே உங்கள் துறைத் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் மென்மையானவராம். எதற்கும் குறை சொல்லாதவராம். உங்கள் வகுப்பில் ஒருநாளாவது இந்த மனிதர் உட்கார்ந்திருப்பாரா? நீங்கள் பிள்ளைகளைக் கல்லூரியின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்வீர்கள். "இங்கே உனக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்ட இடத்துக்கெல்லாம் சிவப்புப் பென்சில் தீட்டச் சொல்வீர்கள். வெள்ளைப் பிள்ளைகளின் தாள் பெரும்பாலும் வெறுமையாக வரும். ஜமேக்காக் கறுப்புப் பிள்ளைகளின் தாளில் நூலகப் படி, நீச்சல் குளம், உணவுக்கூடத்தின் ஜன்னலோர மேசைகள், எல்லாம் சிவப்பு. இரண்டையும் அருகருகே மாட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்பீர்கள். நிறம் பார்த்துத் திறக்கும் கதவுகளைப் பற்றி அதைவிடத் தெளிவாக யார் கற்பித்தார்கள்?

அடுத்த ஆண்டு அந்தப் பாடம் இல்லை என்றார் தலைவர். அதற்குப் பதிலாக இந்தச் சுவரில் உங்கள் படம் தொங்குமாம். ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பள்ளிக்கூடத்தில்போல நான் கையை உயர்த்தினேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நீங்கள் கேட்கும் கேள்வியையே கேட்டேன். "நீங்கள் இன்று எந்த வாசலால் வந்தீர்கள்?"

"முன்வாசலால்தான், ஏனம்மா?"

"யாராவது மறித்தார்களா?"

"இல்லையே."

"என் அம்மாவைச் சமையலறையால் வரச் சொன்னார்கள்."

அவர் முகம் சிவந்தது. "ஏதோ சின்னத் தவறு நடந்திருக்கிறது. உன் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்."

"சிரித்திருக்க மாட்டார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உங்கள் மாணவி கிளாடிஸ். "சிவப்புப் பென்சில் கேட்டிருப்பார்."

தலைவர் படத்துக்குக் கை நீட்டினார். அம்மா அதை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கேக்க இவரை மறிச்ச அறையில, செத்தாப் பிறகு தொங்கவிடேலாது எண்டு சொல்லு. படிப்பிச்சதை நிப்பாட்டிப்போட்டு மூஞ்சையை மட்டும் வைச்சிருக்க இவையள் ஆர் எண்டு கேள்."

ஒரு சொல்லையும் மெதுவாக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

நாங்கள் முன்வாசலால் வெளியே வந்தோம். காவலாளி திறக்கும்வரை அம்மா கதவின் முன்னால் அசையாமல் நின்றார். கிளாடிஸும் உங்கள் மாணவர் சிலரும் கூடவே வந்தார்கள். வெளிப் படிக்கட்டில், அந்தக் குளிரில், எல்லோரும் வடை சாப்பிட்டோம். "உறைப்புக் கூடிப்போச்சோ எண்டு கேள் பிள்ளை" என்றார் அம்மா. கிளாடிஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தாள்.

பாடத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி மாணவர்கள் தலைவரிடம் போனார்கள். யோசிக்கலாம் என்கிறாராம். யோசிக்கட்டும். அதுவரை அவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிலத்தில் உட்கார்ந்து வரைகிறார்கள். நான்தான் பென்சில் சீவிக் கொடுக்கிறேன். உங்கள் படம் அவர்களுக்கு எதிரே இருக்கிறது.

அப்பா, அந்தக் கல்லூரிக்கு நான் படிக்கப் போவேன். முன்வாசலால்தான் போவேன். உங்கள் பாடம் அங்கே திரும்பி வரும்வரை, அந்தச் சுவரில் அவர்கள் அடித்த ஆணி வெறும் ஆணியாகவே இருக்கும். உங்கள் படத்தைக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்ட
மூத்த மகள்,
வாசுகி