கம்பத்தைச் சுற்றி மட்டும் புதுமண்

மார்ச் 9, காலை 10.40.
அளவுக் கம்பத்தின் அடியில் 0.19. அங்கிருந்து ஏழடி தள்ளி 1.3. உன் பழைய வீட்டில், கூரைத் தண்ணீர் விழும் மூலையில் 4.6.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன். மேலே இருப்பது ஒரு மணி நேரக் கதிர்வீச்சு அளவு. 0.3-க்குக் கீழே இருந்தால் திரும்பிக் குடியேறலாம் என்பது அரசாங்கத்தின் விதி. அந்தக் கம்பத்து எண்ணைக் காட்டித்தான் இந்த மாதத்தோடு உங்கள் வாடகை உதவியை நிறுத்துகிறார்கள்.

நானே மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கம்பத்தைச் சுற்றி மட்டும் பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டியிருக்கிறார்கள். காவலாளி ஓடி வந்தார்.

"தம்பி, அளக்கிறதுன்னா இங்க அளங்க. அங்கெல்லாம் எதுக்குப் போறீங்க?"

"ஏன் சார், திரும்பி வர்றவங்க எல்லாரும் கம்பத்துலயா தொங்கப் போறாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் என்ன நடந்தது? அணு உலையில் குளிர்நீர் குறைந்தால் அலற வேண்டிய மணி, சும்மா சும்மா அலறுகிறது என்று அத்தான் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். சரிசெய்ய உலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும். மேலாளர் மணியின் கம்பியைக் கழற்றச் சொன்னார். நிஜமாகவே தண்ணீர் குறைந்த அன்று ஒரு சத்தமும் வரவில்லை; கதிர்வீச்சு கசிந்து ஊரே காலியானது. விசாரணை அறிக்கையில் 'ஷிப்ட் ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதி அத்தானை வெளியே தள்ளினார்கள். மேலாளருக்குப் பதவி உயர்வு! அன்று மணியின் வாயைக் கட்டினார்கள், இன்று மீட்டரின் கண்ணைக் கட்டுகிறார்கள்.

உன் பெண் வாலுவுக்கு மண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. அங்கே போகாதே.

உன் தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "மீட்டர் பொய் சொல்லாது" என்றார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கழுத்தில் இரண்டாவது ஆபரேஷன் ஆனதிலிருந்து குரலே கம்மிப்போய்விட்டது.

கம்பத்தில் ஏமாற்று வேலை என்று எனக்குத் தெரியாதா? நான் ஏமாந்து போகவில்லையடா. போக்கிடம் இல்லாமல் போகிறேன். இங்கே வீட்டுக்கார அம்மா, "உங்க துணிய எங்க கொடியில போடாதீங்க, தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்கிறார். வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? பள்ளிக்கூடத்தில் வாலுவின் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. "நான் இருட்டுல மினுக்குவேனாம்மா? எல்லாரும் சொல்றாங்க" என்று கேட்கிறாள்.

டாக்டர் "போகாதே" என்றார். கூட வேலை செய்கிறவள் "போகாதே" என்றாள். நீ அடிக்கணக்கோடு சொல்கிறாய். "இங்கே வா" என்று இதுவரை ஒருவர் சொல்லவில்லை. நீயும்தான். இருபத்தெட்டாம் தேதிக்கு லாரி சொல்லிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன், அக்கா

மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். இன்னும் உட்காரவில்லை. இனி வளவளவென்று எழுதப் போவதில்லை. செய்யப் போவது:

1. இந்த ஒற்றை அறையைக் காலி செய்கிறேன். என் பட்டறைக்குப் பின் தெருவில் இரண்டு அறை வீடு பார்த்தாயிற்று. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே. பரவாயில்லை.

2. லாரிக்காரர் எண்ணை அனுப்பு. அதே தேதி, விலாசத்தை மட்டும் நான் மாற்றுகிறேன்.

3. வாலுவை இங்கே பள்ளியில் சேர்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்டால் மறைக்க மாட்டேன். யாராவது முகம் சுளித்தால் அந்தச் சண்டை என்னுடையது.

4. விசாரணையை மறுபடி திறக்க வழக்குப் போடுகிறேன். வக்கீல் ஒத்துக்கொண்டார். அத்தான் சாட்சி சொல்ல வேண்டும். குரல் கம்மினால் மைக் வைக்கச் சொல்வோம். முடியாது என்றால் அதை என்னிடம் சொல்லட்டும், சுவரிடம் வேண்டாம்.

5. இருபத்தெட்டாம் தேதி காலையில் உன் வாசலில் நிற்பேன். அப்படியும் அங்கேதான் போவேன் என்றால் நானும் அதே லாரியில் ஏறி, அதே வீட்டில் குடியிருப்பேன். என்னைத் தடுக்க அப்போது என்னவெல்லாம் சொல்வாயோ, அதை இப்போதே உனக்கு ஒரு முறை சொல்லிப் பார்.