ஒன்பது ஆமைகளின் படம்

கொல்லமேடு
6.8.2005

அன்புள்ள அம்பரீனுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? இந்த மலையடிவாரத்தில் செல்போனுக்கு டவர் இல்லை. படங்களோ ஈமெயிலில் போகாத அளவுக்குப் பெரியவை. அதனால் உங்கள் ஷூ கம்பெனி பஸ் டிரைவர் ஜியாவுல்லா பாயிடம் இந்தக் கவரைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே சிடி இருக்கிறது.

இந்த முறை இருபத்தாறு நட்சத்திர ஆமைகள். கண்டுபிடித்ததெல்லாம் கமலம்தான். விறகு பொறுக்கப் போகிறவள். நான் தாண்டிப் போன புதரில் அவள் குனிந்து, "இன்னா மேடம், இங்க ஒன்னு குந்திக்கினு இருக்குது பாரு" என்கிறாள். ஒவ்வொன்றையும் பாறையில் வைத்து, எந்த இடம் என்று பின்னால் குழம்பாமலிருக்க ஜிபிஎஸ் கருவியையும் பக்கத்தில் வைத்து, மேலிருந்து படம் எடுத்திருக்கிறேன். நமக்குக் கைரேகை போல இதுகளுக்கு ஓட்டின் கோடுகள். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கடத்தல்காரனிடம் சிக்கினாலும் நம்முடையது என்று நிரூபித்துவிடலாம்.

நம் இணையப் பக்கத்தில் படங்களைப் பெரிதாகப் போடு. போன வருஷத்துப் படங்கள் தபால்தலை அளவில் இருக்கின்றன, கோடே தெரியவில்லை என்று லண்டனில் நமக்கு உதவுகிறவர்கள் குறைப்படுகிறார்கள்.

ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டுக்குத் தவளை வரைந்து கொடுத்தவள் நீ. இன்னும் உன்னை விட்டபாடில்லை பார்.

அன்புடன்,
பெர்சிஸ்


ஆம்பூர்
14.8.2005

அன்பு பெர்சிஸ்,

சிடி பத்திரமாக வந்தது. பாய் அதை மடியிலேயே வைத்து ஓட்டிவந்தாராம்.

பகலெல்லாம் கம்ப்யூட்டரில் ஷூவுக்குத் தோல் வெட்டும் அளவு வரைகிறேன். வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் உன் ஆமைகள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "இது எந்த மாடல்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

படங்களைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். இடங்களின் ஜிபிஎஸ் எண்கள் உள்ள பட்டியலை மட்டும் சேர்க்கவில்லை. கண்டவன் பார்த்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாதே.

நீ ஆம்பூர் பக்கம் வந்து எத்தனை மாதம்? ரம்ஜானுக்காவது வா. பெற்ற மகளைக் கேட்பது போல அம்மி தினமும் உன்னைக் கேட்கிறார்.

உன்
அம்பரீன்


கொல்லமேடு
6.11.2005

அன்பு அம்பரீன்,

ரம்ஜானுக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. சென்னை விமான நிலையத்தில் ஒரு பெட்டியில் நாற்பத்தொரு நட்சத்திர ஆமைகளைப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் காலுறைக்குள் திணித்து டேப் சுற்றியிருந்தார்கள். ஆறு செத்துவிட்டன. எல்லாவற்றையும் படம் எடுத்து வந்திருக்கிறேன். நம் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்.

ஆகஸ்டில் படம் எடுத்த இடங்களில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. தேடி அலைந்த தடம் எதுவும் இல்லை. நேராக வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"இந்த இடமெல்லாம் யார் யாருக்குத் தெரியும்?" என்று வனத்துறை ரேஞ்சர் கேட்டார். எனக்கும் கமலத்துக்கும் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நேற்று கமலத்தைக் கைது செய்து அழைத்துப்போய்விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது, "நீ சொல்லேன் மேடம்" என்றாள். நான் என்ன சொல்வது? அவள்தான் என்று நம்பவும் முடியவில்லை, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

சீக்கிரம் எழுது.

பெர்சிஸ்


ஆம்பூர்
10.11.2005

பெர்சிஸ்,

ஒன்பது ஆமைகள் நம்முடையவை. பதினேழாம் எண் ஆமைக்கு ஓட்டின் ஓரம் உடைந்திருக்கும். அதில் சந்தேகமே இல்லை.

அந்தப் பதினேழைப் பெரிதாக்கியபோதுதான் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் உன் ஜிபிஎஸ் கருவி. அதன் திரையில் அந்த இடத்தின் எண்கள். என்னால் படிக்க முடிகிறது. இருபத்தாறு படங்களிலும் படிக்க முடிகிறது. மூன்று மாதமாக அவை இணையத்தில் கிடக்கின்றன. பட்டியலை மறைத்த நான் படத்தைக் கவனிக்கவில்லை.

இதையும் கேள். சிக்கிய ஒன்பதும் அந்த இருபத்தாறில் உள்ளவை. சின்னதாகப் படம் போட்ட போன வருஷத்து ஆமைகளில் ஒன்றுகூட இல்லை. அவை இருக்கும் இடமும் கமலத்துக்குத் தெரியுமே. அவள் காட்டிக்கொடுத்திருந்தால் அவற்றை மட்டும் ஏன் விட வேண்டும்?

உடனே ரேஞ்சரிடம் சொல்ல வேண்டும். எப்போது போகலாம்?

அம்பரீன்


கொல்லமேடு
13.11.2005

அன்பு அம்பரீன்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறு.

இது தெரிந்தால் காட்டுக்குள் போகும் அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள். நான்கு வருஷ உழைப்பு, என் ஆராய்ச்சிப் பட்டம், எல்லாம் போய்விடும். மிச்சமிருக்கும் ஆமைகளை அப்புறம் யார் பார்ப்பது? பக்கத்தை இன்றே எடுத்துவிடு. கமலத்துக்கு நல்ல வக்கீல் வைத்து நானே ஜாமீன் வாங்கித் தருகிறேன். சாட்சி இல்லாத கேஸ், ஆறு மாதத்தில் தானாகத் தள்ளுபடியாகிவிடும்.

உனக்காகவும்தான் சொல்கிறேன். படம் ஏற்றியது உன் கம்பெனி கம்ப்யூட்டரில். நாளைக்கு விசாரணை என்று வந்தால் உன் வேலை என்னவாகும்?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

பெர்சிஸ்


ஆம்பூர்
17.11.2005

பெர்சிஸ்,

பக்கத்தை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் இருபத்தாறு படங்களையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வேலூர் ஜெயிலுக்குப் போனேன். கமலம் என்னை முன்பின் பார்த்ததில்லை. உன் சிநேகிதி என்றதும் கம்பிக்குப் பக்கத்தில் வந்து, "மேடத்துக்கு உடம்பு சரியில்லியா? அதான் வர்லியா?" என்று கேட்டாள். அவளுடைய பெண் கொல்லமேட்டில் தண்ணீர் பிடிக்கக்கூடக் குழாயடிக்குப் போவதில்லையாம். திருடி மகள் என்கிறார்களாம். ஆறு மாதம் என்று நீ எழுதிவிட்டாய். அந்த வார்த்தையை அவள் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது.

வருகிற திங்கட்கிழமை ரேஞ்ச் ஆபீசுக்குப் போகிறேன். காலை பத்து மணிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். வா, பெர்சிஸ். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு, சேர்ந்தே சொல்லலாம்.

உன்
அம்பரீன்


ஆம்பூர்
2.12.2005

பெர்சிஸ்,

அன்று பதினொன்றரை வரை நின்றேன்.

ரேஞ்சர் முதலில் நம்பவில்லை. பதினேழாம் படத்தில் இருந்த எண்களை ஒரு தாளில் எழுதி, கொல்லமேடு பக்கமே போயிராத ஒரு வாட்சரிடம் ஜிபிஎஸ் கருவியோடு கொடுத்தனுப்பினார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வயர்லெஸ்ஸில் வாட்சர் குரல் வந்தது. "ஃபோட்டோவுல இருக்கிற பாறை மேலதான் சார் நிக்கிறேன். யாரையும் வழி கேக்கல."

"இந்தப் படங்களை யாரும்மா ஏற்றியது?" என்றார் ரேஞ்சர்.

"நான்தான் சார்."

உன் கடிதத்தைக் காட்டவில்லை.

வனத்துறையே கோர்ட்டில் எடுத்துச் சொல்லி, நேற்று முன்தினம் கமலத்தை விட்டார்கள். ஜெயில் வாசலிலிருந்து பஸ்ஸில் நான்தான் கூட்டிவந்தேன். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவளிடம் மட்டும் அதை ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. மாதனூர் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "இனிமே ஆமை எதுனா கண்ணுல பட்டாக்கூட, பாக்காத மாதிரி போய்டுவேம்மா."

என் வேலை போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத பிரிவு.

உன் அனுமதியையும் ரத்து செய்யவில்லை. இடம் தெரியாதபடி படம் எடுக்கச் சொல்லுங்கள் என்றார் ரேஞ்சர், அவ்வளவுதான். நீ தாராளமாகக் காட்டுக்குள் போகலாம். கூட வர வேறு ஆள் பார்த்துக்கொள்.

உன் படங்கள் அத்தனையும் இந்தக் கவரில் உள்ள நான்கு சிடிக்களில் இருக்கின்றன. சரிபார்த்துக்கொள். ஜியாவுல்லா பாயிடம் இனி கவர் கொடுக்க வேண்டாம்.

அம்பரீன்