மஞ்சாடிக்குறிச்சிச் சந்தைக் கற்கள் திரும்பி வருவது குறித்து

நெடுவரை நாட்டை ஆளும் ஆதவவேள், தம் புதிய தலைநகரான ஆதவபுரத்து அரண்மனையிலிருந்து, மஞ்சாடிக்குறிச்சிச் சந்தை அவைத் தலைவர் பூதன் தேவனாருக்கு விடுக்கும் ஓலை. உம் ஊர் ஏரி நிறைக. உம் வண்டிமாடுகள் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்தை எழுதும்போதும் நம் மனம் முழுதாக வாழ்த்தவில்லை என்பதை மறைக்கமாட்டோம்.

முந்நூறு வீடுகூட இல்லாத உம் ஊருக்குச் செவ்வாய்தோறும் ஏழு நாட்டு வண்டிகள் வருகின்றன. நாமோ நூறு தூண் நிறுத்தி அங்காடி கட்டினோம். அதில் புறாக்கள் குடியேறின. நம் தூதர் அயல்நாடு சென்றால், மஞ்சாடிக்குறிச்சி இருக்கும் நாடா என்று கேட்கிறார்களாம். அதைக் கேட்ட நாள்முதல் நமக்குச் சோறு இறங்கவில்லை.

உம் சந்தையின் பெருமையெல்லாம் வணிகர் தலைமுறை தலைமுறையாக அமரும் கற்களில் இருக்கிறது என்றார்கள். புதியவர் எவரும் பன்னிரண்டு சந்தைநாள் ஓரத்து மண்ணில் அமர்ந்த பின்பே கல் பெறுவாராம். நமக்கு அத்தனை பொறுமை இல்லை. சென்ற மாதம் கற்கள் யாவற்றையும் பெயர்த்துக் கொணர்ந்தோம். நம் கல்தச்சர் அவற்றைப் பெரியது முதல் சிறியது வரை அழகாக வரிசைப்படுத்தினர். செவ்வாய் வந்தது; வணிகர் வரவில்லை. கல் இருந்த குழிகளிலேயே அமர்ந்து விற்கிறார்கள் என்று ஒற்றர் சொன்னதை நம்பாமல், வழிப்போக்கர் வேடத்தில் நாமே வந்தோம்.

உப்பு விற்கும் சேந்தி குழிக்குள் காலை மடக்கி அமர்ந்திருந்தாள். ஆதவபுரத்தில் உன் கல் காத்திருக்க இங்கே ஏன் இருக்கிறாய் என வினவினோம். அவள் மறுமொழியை அவள் சொற்களிலேயே எழுதப் பணித்துள்ளோம்: "எனக்கு வலப்பக்கம் புளி, இடப்பக்கம் கருவாடு. இந்த ரெண்டும் இல்லாத இடத்துல உப்பை யாரு சாமி வாங்குவா? கல்லு போனா போகட்டும், குழி இருக்கே."

பக்கத்துக் கருவாட்டுக்காரரோ, மூன்று தலைமுறை மணம் ஏறிய தம் கல்லை அரசர் எந்த மாளிகையில் வைத்திருக்கிறாரோ என்று கவலைப்பட்டார். குழிக்குக் குழி சிரிப்பு பரவியது. நாமும் சிரிக்க நேர்ந்தது.

ஊர் திரும்பிச் சேந்தியின் கல்லில் ஒரு பகல் முழுதும் அமர்ந்து பார்த்தோம். எவரும் வந்து விலை கேட்கவில்லை.

ஆதலால் நம் ஆணை இது. கற்கள் இவ்வோலையுடன் வரும் வண்டிகளில் உள்ளன. எது எதன் பக்கத்தில் என்பது நமக்குத் தெரியாது, நீங்களே பதித்துக்கொள்க. வரும் செவ்வாய் நாம் அரண்மனைத் தோட்டத்து மிளகுடன் வருவோம். குடையும் காவலரும் உடன் வாரார். சேந்திக்கு எதிர்ப்புறம், ஓரத்து மண்ணில், நமக்கு இடம் விடுக. அவளிடம் கூட்டம் மிகுந்தால் பொறுத்துக்கொள்ள முயல்வோம்.

கடைசி வண்டியில் நம் பெயர் பொறித்த கல்லொன்றும் உண்டு. பன்னிரண்டு சந்தை முடியும்வரை அதை இறக்கவேண்டாம்.

இவ்வாறு கூறி, வேங்கைப் பொறி இட்டோம்.