கொடி ஒட்டச் சொன்ன இடம்

வல்லம் வடகால்

அன்புள்ள அப்பாவுக்கு இசக்கிசெல்வி எழுதுதேன். முழங்கால் வலி குறைஞ்சிருக்கா? நான் நல்லா இருக்கேன்.

பூகம்பம் வந்த நாட்டுக்கு எங்க கம்பெனி ஊசிமருந்து போகுது. நமக்கு ஆகாத பக்கத்து நாடும் அனுப்புதாம். அவங்க விமானம் முந்திரக் கூடாதுன்னு சூப்பர்வைசருக்கு ஒரே அவசரம். பெட்டியில எக்ஸ்பைரி தேதி இருக்குற இடத்துலயே நம்ம கொடி ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னார். நான் பட்டனை அமுக்கி பேக்கிங் லைனையே நிறுத்திட்டேன். "ஊசி போடுதவங்க கொடியைப் பாத்தா போடுவாங்க?"ன்னு கேட்டேன்.

பயப்படாதீங்க, வேலை போகலை. மன்னிப்பு எழுதச் சொல்லி, தாளும் பேனாவும் குடுத்து தனியா உக்கார வச்சிருக்கார்.

கருப்பட்டி அனுப்புங்க. உங்க பழைய போர்வையும் வேணும், துவைக்க வேண்டாம்.

அவர் வாறார், முடிக்கேன். மன்னிப்பு எழுதக் குடுத்த தாள் இதுதான்.

இசக்கிசெல்வி