சுண்டெலி வைத்த விருந்து

ஏப்ரல் 4

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நானும் நம் சுண்டெலி மகளும் சுகம். தையல் மிஷினுக்கு மட்டும்தான் இருமல், எண்ணெய் விட்டிருக்கிறேன். ஃபோனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, அப்புறம் பதில் எழுதுங்கள்.

மே இருபதாம் தேதி சுண்டெலிக்கு ஐந்து வயது ஆகிறது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அவளைத் தங்கள் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாகிவிட்டது. இவள் இன்னும் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள். பாலோ முட்டையோ துளி பட்டாலும் இவளுக்கு உதடு வீங்கி மூச்சு அடைக்கும் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். வழக்கம்போல அவளுக்கென்று டப்பா கட்டிக்கொண்டு போனேன். மற்றப் பிள்ளைகள் கேக்கை மொய்த்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் டப்பாவை மடியில் வைத்து, மூடியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி, பசிக்கலையா?" என்றேன். "திறந்தா எல்லாரும் பாக்கிறாங்கம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே உத்தரவு போட்டாள். "என் பொறந்தநாளைக்கு எல்லாரும் என் டப்பாவுல இருக்கிறதைத்தான் சாப்பிடணும். வேற ஒண்ணும் கிடையாது. சொல்லிட்டேன்!"

இதை உங்கள் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். "ஒரு பிள்ளைக்காக வர்றவங்க அத்தனை பேரும் வாயைக் கட்டணுமா? மூணு அடுக்குக் கேக்கு கடையில நான் சொல்லிடறேன். இவ ஒரு ஓரமா டப்பாவோட உட்காரட்டும், பழகினவதானே" என்கிறார். பழகினவளாம்! ஓரமாக உட்காருவதற்கு எந்தப் பிள்ளை பழகும்?

பேசாமல் ஒரு புது கவுன் தைத்துப் போட்டு, விருந்து வேண்டாம் என்று முடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் டெய்லரம்மா


ஏப்ரல் 14

என் டெய்லரம்மாவுக்கு,

நீ சொன்னபடியே கடலைப் பார்த்தேன். கடலும் என் பக்கம்தான் பேசுகிறது. விருந்தை நிறுத்தாதே.

கேப்டனிலிருந்து எஞ்சின் அறைப் பெரியவர் வரைக்கும் இந்தக் கப்பலில் எல்லா வயிறும் என் கையை நம்பித்தான் இருக்கிறது. என் மகளுக்கு மட்டும் இந்தக் கையால் இதுவரை ஒரு வாய் சமைத்துப் போட்டதில்லை. நான் லீவில் வந்தால் அடுப்படி வாசலிலேயே என்னை மறிப்பாய். "உங்க கையில எப்பவும் வெண்ணெய் வாசம்" என்பாய். சோப்புப் போட்டுத் தேய்த்து நீட்டினாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டுவாய். எனக்குக் கோபமில்லை. அவளுக்கு மூச்சு முட்டிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒண்டியாக நின்றவள் நீ. நான் நடுக்கடலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஒரு தடவை கேட்கிறேன். என்ன போடுவது என்பதை நான் முடிவு பண்ணட்டுமா? சமைப்பது உன் கைதான், யோசனை மட்டும் என்னுடையது. பாலும் இருக்காது, முட்டையும் இருக்காது. ஆனால் சாப்பிடுகிற ஒருத்தருக்கும் "இதுல என்ன குறையுது?" என்று தோன்றாது. கேக்கும் உண்டு. அதை இங்கேயே செய்து பார்த்து எழுதுகிறேன்.

அக்காவை விடு. சின்ன வயதில் என் பங்கு ரொட்டியையும் சேர்த்து முழுங்கிவிட்டு, "தம்பிக்குப் பசியில்லையாம்" என்று அம்மாவிடம் சொன்ன மகராசி அவள்.

அன்புடன்,
வெண்ணெய்க் கைக்காரன்


ஏப்ரல் 23

அன்புள்ள வெண்ணெய்க் கைக்காரருக்கு,

வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு அன்று ஒரு ஜாக்கெட்டுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைத்தேன்.

சரி, யோசனை உங்களுடையது. ஆனால் என் நிபந்தனைகளைக் கேளுங்கள். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, புது எண்ணெய். நாலு பேர் தின்று "நல்லாயிருக்கு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு எழுத வேண்டும். அளவைத் தெளிவாக எழுதுங்கள். "கண்ணளவு", "கையளவு" என்றெல்லாம் சமையல்காரத் திமிரைக் காட்டினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி பின்வாங்கவும் முடியாது. சுண்டெலி வகுப்பு முழுக்கக் கூப்பிட்டுவிட்டாள். அதில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, "உங்க வீட்டுல கேக்கே இருக்காதாமே, எங்கம்மா சொன்னாங்க" என்றாளாம். இவள் விடுவாளா? "இருக்கும்! எங்கப்பா கப்பல்ல செய்யறாரு!" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "செய்யறாருதானேம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மானம் இப்போது உங்கள் கையில்.

கடைக் கேக் வாசலுக்கு வந்தால் அப்படியே திருப்பி அனுப்புவேன் என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நான் வரலை. வெறும் வயித்தோட திரும்பிப் போற பிள்ளைகளை என்னால பாக்க முடியாது" என்றார். வராமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
டெய்லரம்மா


மே 3

என் கண்டிப்பான டெய்லரம்மாவுக்கு,

கேக் வந்துவிட்டது! முதலில் செய்ததைப் பற்றிக் கேட்காதே. எஞ்சின் அறைப் பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஆட்டம் காணுற மோட்டாருக்கு அடியில முட்டுக் கொடுக்கலாம்" என்றார். இரண்டாவது தடவை பழுத்த வாழைப்பழத்தைச் சேர்த்தேன். கேப்டன் ஒரு துண்டைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார். "முட்டை எத்தனை போட்டே?" என்றார். "முட்டையும் இல்லை, பாலும் இல்லை சார்" என்றேன். "பொய் சொல்லாதேய்யா" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதை எடுத்தார்.

செய்முறை தனித்தாளில், நீ கேட்ட சுத்தமான அளவுகளோடு இருக்கிறது. மாவு, சர்க்கரை, கோகோ, சமையல் சோடா. மசித்த வாழைப்பழம், எண்ணெய், தண்ணீர். கடைசியில் ஒரு கரண்டி வினிகர். வினிகர் ஊற்றினதும் நுரைக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதே, உடனே அடுப்பில் வை. ரொம்ப முக்கியம்: கேக் சுடுகிற தட்டில் கால்வாசி உயரத்துக்கு மேல் மாவு ஊற்றாதே, வழிந்துவிடும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. பரிமாறும்போது தட்டுகளுக்கு அடியில் ஈரத்துணி விரித்துவிடு.

கூடவே உருளைக்கிழங்கு வறுவல், உப்புப் போட்டு வேகவைத்த சோளம், பழத்துண்டுகள், எலுமிச்சைச் சாறு. வறுவலைப் பிள்ளைகள் வந்த பிறகு சுடச்சுடப் போடு. எண்ணெய்ச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளுக்குப் பாதிப் பசி கிளம்பிவிடும்.

தைரியமாகச் செய்.

உன்னவன்


மே 13

கப்பல்காரரே,

என்ன செய்முறை அனுப்பினீர்கள்! நீங்கள் சொன்னபடி, கால்வாசி உயரத்துக்கு ஒரு நூல்கூட மேலே போகாமல் ஊற்றினேன். வெளியே வந்தது கேக்கா, செருப்புக்கு அடித்தோலா என்று தெரியவில்லை. அவ்வளவு மெல்லிசு. ருசியா? சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். சுண்டெலி தட்டை நக்கினாள் என்று மட்டும் சொல்கிறேன். நக்கிவிட்டு முகத்தைத் தூக்கி, "அம்மா, கேக்குன்னா உசரமா இருக்கும்ல?" என்றாள். அவளுக்கு அந்தச் சடைக்காரியின் நினைப்பு.

இரண்டாம் முறை கொஞ்சம் கூட ஊற்றலாம் என்று கை போனது. ஆனால் விட்டுக்கொடுக்காதே என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்களே. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் சொல்லை அப்படியே நம்புவது என்று முடிவு செய்துவிட்டேன். நம்பினேன். மறுபடி அடித்தோல்தான் வந்தது.

அந்த ஈரத்துணி எதற்கு? நம் வீட்டு மேஜை எந்த அலையில் ஆடுகிறது?

ஃபோனில் கேட்கலாம் என்றால் உங்கள் கப்பலுக்கு லைன் கிடைக்கவில்லை. இதற்கு உங்கள் பதிலும் பிறந்தநாளுக்கு முன் வந்து சேராது. பரவாயில்லை. விருந்தை நிறுத்தப்போவதில்லை. என்னமோ செய்கிறேன்.

டெய்லரம்மா


மே 17

டெய்லரம்மா,

தலையில் அடித்துக்கொண்டு எழுதுகிறேன். கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம். இறங்க விடவில்லை, ஃபோனும் எட்டவில்லை. தண்ணீர் கொண்டுவரும் படகுக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிறந்தநாளுக்கு முன் உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

இன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. கப்பல் அசையவில்லை. கேப்டன் மறுபடி அந்தக் கேக்கைக் கேட்டார். கை தவறித் தட்டில் பாதிக்கு மேல் மாவை ஊற்றிவிட்டேன். ஒரு சொட்டு வழியவில்லை, ஜம்மென்று எழும்பி நின்றது. அப்போதுதான் உறைத்தது. கால்வாசிக்கு மேல் ஊற்றாததும் ஈரத்துணி விரிப்பதும் ஆடுகிற கப்பலுக்கு உள்ள சங்கதி! இத்தனை வருஷம் ஆடிக்கொண்டே சமைத்தவனுக்கு வீடு ஆடாது என்பதே மறந்துவிட்டது. அடிக்கோடு வேறு போட்டுத் தொலைத்தேன்.

என் பிள்ளையின் முதல் கேக்கை நானே சப்பட்டையாக்கிவிட்டேனே! அந்தச் சடைக்காரி என்ன சொல்லப்போகிறாளோ. முதல் தடவையாக நீ என் சமையலை நம்பினாய். அதற்கு நான் கொடுத்தது இதுதானா? திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னவன்


மே 27

அன்புள்ள, அன்புள்ள கப்பல்காரருக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் பள்ளிச் சீருடைத் தையல், கோபமில்லை. உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. படித்துவிட்டு, வாயில் பிடித்திருந்த குண்டூசியை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தேன். இனி நடந்ததைக் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு முந்தின நாள் அந்த அடித்தோலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். துணி மெல்லிசாக இருந்தால் நான் என்ன செய்வேன்? அடுக்கு வைத்துத் தைப்பேன். பிள்ளைகளின் கவுனெல்லாம் அப்படித்தானே புஸ்ஸென்று நிற்கிறது! கிடைத்த தட்டிலெல்லாம் கால்வாசி ஊற்றிச் சுட்டேன். காகிதத்தில் வட்டம் வெட்டி, அதை மேலே வைத்து ஓரங்களைச் சீராக நறுக்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் பழ ஜாம் தடவி அடுக்கிக்கொண்டே போனேன். சுண்டெலி ஸ்டூலில் ஏறி நின்று, "இன்னும், இன்னும்" என்று கத்தினாள். அடுக்கி முடித்தபோது அது அவள் இடுப்பு உயரத்துக்கு நின்றது. உங்கள் அக்கா சொன்ன மூன்று அடுக்கு எங்கே, இது எங்கே!

பிள்ளைகள் வந்தார்கள். உங்கள் அக்காவும் வந்தார், வரமாட்டேன் என்றவர் எல்லாருக்கும் முன்னாலேயே வந்து நின்றார். மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கடை?" என்றார். "உங்க தம்பி கடை" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு இருந்த கர்வம் எந்தக் கடலிலும் கொள்ளாது. சடைக்காரி கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "எங்க வீட்டுக் கேக்கு இவ்ளோ உசரம் இல்லை" என்று தன் அம்மாவிடம் புகார் சொன்னாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

வறுவல் போடப் போட மாயமாகிவிட்டது. சோளக்கட்டையை ஒரு பையன் சப்பிச் சப்பி வெள்ளையாக்கிவிட்டான். யாரும் "இதில் பால் இல்லையா?" என்று கேட்கவில்லை. கேட்க வாய் காலியாக இருந்தால்தானே. உங்கள் அக்கா மூன்று துண்டு தின்றார். போகும்போது, "எங்க வீட்டுக்காரருக்கு" என்று சொல்லிப் பெரிய துண்டாக ஒன்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். உங்கள் அத்தான் கண்ணில் அது பட்டதா என்று நீங்களே அவருக்கு எழுதிக் கேளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லைங்க. யார் எதை நீட்டினாலும் நம் பிள்ளை உடனே என் முகத்தைப் பார்ப்பாள். "இது நான் சாப்பிடலாமாம்மா?" என்பாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். அன்றைக்கு அவளே தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று உபசாரம் பண்ணினாள். நடுநடுவே தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். சடைக்காரி பாதி கடித்துக் கொடுத்ததையும் வாங்கித் தின்றாள். நான் அறையின் இந்தக் கோடியில் கரண்டியோடு நிற்கிறேன். ஒரு தடவைகூட அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. நான் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அதனால் திட்டச் சொன்னீர்களே, திட்டமாட்டேன். நீங்கள் பாதித் தட்டுக்கு ஊற்றச் சொல்லியிருந்தால் கடையில் விற்பது மாதிரி ஒரு கேக்தான் வந்திருக்கும். நீங்கள் தப்பாகச் சொன்னீர்கள், நான் அப்படியே நம்பினேன், நம் மகள் ஜெயித்துவிட்டாள்.

லீவு எப்போது என்று எழுதுங்கள். நீங்கள் வந்து சேர்ந்த மறுநாள் காலை அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்டு, நீங்கள்தான் சமைத்துப் போட வேண்டும். நான் தையல் அறையில் மிஷினில் உட்கார்ந்திருப்பேன். எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணமுடியாது. ஆனால் உங்கள் கையை முகர்ந்து பார்க்கமாட்டேன்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி