மூன்றாவது பட்டை

சேவூர்,
ஞாயிற்றுக்கிழமை

மெல்போர்னில் இருக்கும் என் அக்கா மகள் இந்துமதிக்கும், மாப்பிள்ளைக்கும், குழந்தைகளுக்கும் ஒரு குறையும் வராமல் அவிநாசியப்பர் காக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, தாய்மாமன் கிட்டுசாமி எழுதுவது.

நடந்தது அத்தனையும் நான் முன்னமே சொன்னதுதான், கண்ணு. உன் அம்மாவின் பெட்டியைத் திறந்தால் உன் அப்பாவைப் பற்றி ஒரு சேதி வெளியே வருமென்று அவள் காரியத்தன்றே பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். வந்ததா இல்லையா? எட்டாவதோடு நின்றவன் என்று சிரித்தவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை.

இங்கே நல்ல மழை. சோளம் ஆள் உயரம் நிற்கிறது. நீ அனுப்பிய தைலம் முழங்காலுக்குக் கேட்கிறது. டாக்டரே பாட்டிலைப் பார்த்துவிட்டு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

போனில் சொல்லாமல் எழுதக் காரணம் உண்டு. போன வாரம் பெட்டியில் இருந்த அந்தப் பட்டாளச் சட்டையைப் பற்றிச் சொன்னபோது நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது.

உன் அப்பா எழுபத்தொன்று சண்டைக்குப் போகும்போது நாயக். கையில் இரண்டு பட்டை. நீ வயிற்றில் இருந்தாய். பிறகு, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. பெட்டியில் கிடைத்த சட்டையிலோ மூன்று பட்டை, அதாவது ஹவில்தார். மேல் பட்டையில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் சாம்பலாகும்; இது உருகி உருண்டது. பாலியஸ்டர். அந்தக் காலத்துப் பட்டாளச் சட்டையில் பாலியஸ்டர் ஏது? ஆகவே மச்சான் சண்டைக்குப் பிறகும் இருந்திருக்கிறார், பதவி உயர்ந்திருக்கிறார் என்று அடித்துச் சொன்னேன். "அப்ப அப்பா ஊட்டுக்கு வந்திருப்பாருங்களா மாமா? என்னையப் பாத்திருப்பாருங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன்.

நேற்று அவிநாசியில் சுபேதார் குமாரவேலிடம் சட்டையைக் கொண்டுபோனேன். பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். சட்டைக்குத்தான் அடித்தேன் என்பார். எதிரில் நின்றது நான்தானே. கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தார். கீழே இரண்டு பட்டையும் பட்டாளத்து நெசவு, சண்டைக்கு முந்தியவை, மேலே இருப்பது வேறு என்றார். "பட்டாளத்துல டீசர்ட் கழுத்து நாடாவை வெட்டியா பதவி குடுப்பாங்க? உங்க ஊரு சரக்கு உங்களுக்கே தெரியலீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெக் டேப்தான். பனியன் கம்பெனியில் வருசக்கணக்காகக் கட்டிங் மாஸ்டராக இருந்தவன், அந்த ஒற்றைப் பட்டையில் மட்டும் நூலை எரித்துவிட்டு மொத்தச் சட்டைக்கும் வயது சொல்லியிருக்கிறேன். வெள்ளை டேப்பை டீத்தண்ணியில் முக்கிப் பழைய இரண்டோடு நிறம் சேர்த்திருக்கிறது. முனையை உள்ளே மடித்து இரண்டு தரம் ஓட்டிய தையல். அதே கம்பெனியில் டெய்லராக இருந்த அக்கா, சூப்பர்வைசர் எத்தனை திட்டியும் விடாத தையல். உன் அப்பா லீவில் வந்தபோது விட்டுப்போன சட்டை அது, கண்ணு. அவர் திரும்பி வரவில்லை.

அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அடுத்த லீவுக்கு மூணு பட்டையோட வாறேன்னு எழுதியிருந்தாரு தம்பி. வந்தா உடனே போட்டுக்கட்டும்னு நானே தெச்சு வெச்சுட்டேன்" என்று. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டையைப் பார்சலில் அனுப்ப எனக்கு மனசில்லை. தை மாசம் வா. குழந்தைகளையும் கூட்டி வா. மகராசியாக இரு.

இப்படிக்கு,
உன் மாமன்
கிட்டுசாமி

பின்குறிப்பு: அக்கா சொன்னதாக எழுதியது நானாகச் சேர்த்தது. அப்படியொரு கடிதம் வந்ததா என்றே எனக்குத் தெரியாது. உன் அப்பாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. தையல் அவளுடையது. அது சத்தியம், கண்ணு.